இலைக்குள் ஒளிந்த சிவப்பு டிராகன்

டிராகனை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆகவே அதற்கு என்ன நிறம் அடித்தாலும் தப்பென்று யாரும் சொல்ல முடியாது என்றுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நினைத்தேன். இருபத்தாறு வருஷம் டிராகன்களுக்கு நிறம் பார்த்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்ட பிறகு சொல்கிறேன்: தப்பென்று சொல்ல உலகம் முழுக்க ஆள் இருக்கிறது.

போன மாதம் பழைய பட்டறைக்குப் போயிருந்தேன். திருநெல்வேலி பேட்டையில், தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு லேத் பட்டறை, எதிரே தீவன ஆலை. நடுவில் நாங்கள் டிராகன் செய்தோம் என்றால் சொந்தக்காரர்களே நம்புவதில்லை. டிராகன் மட்டுமில்லை, ஒற்றைக் கொம்புக் குதிரை, பாதி கழுகும் பாதி சிங்கமுமான ஒன்று, மூன்று தலை நாகம், எல்லாவற்றையும் ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்து, கையால் வண்ணம் தீட்டி, பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். வாங்குகிறவர்கள் பிள்ளைகள் இல்லை. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுகிற பெரியவர்கள். ஒரு நகம் விட்டுப்போனால்கூடப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இப்போது அங்கே பர்வீன்தான் வண்ணப் பிரிவுக்குத் தலைமை. என்னோடு பத்து வருஷம் ஒரே மேசையில் இருந்தவள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். திரையில் டிராகன் சுற்றுகிறது. விரலால் தொட்டால் நிறம் மாறுகிறது. சேர்ந்து ஒரு வருஷமான பிள்ளைகள் நான்கு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"நூறு கலர் மாத்தி மாத்திக் காட்டுது. எதை எடுக்கன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கு. நீங்க எப்படிம்மா முடிவு செஞ்சிய?" என்று ஒருத்தி கேட்டாள்.

வாய்க்கு வந்த எதையோ சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது, அது பதிலே இல்லை என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடற்கரை ஊர்க்காரி. திருச்செந்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பார். படகின் பெயரை எழுதி, மேலே ஒரு சிலுவையும் வரைந்து கொடுப்பார். நான் டப்பா கலக்கிக் கொடுத்தே வளர்ந்தேன். கட்டிக்கொடுத்தது பேட்டையில். கணவர் லேத் பட்டறையில் வேலை. பக்கத்துப் பட்டறையில் பெயின்ட் அடிக்கத் தெரிந்த பெண்கள் வேண்டுமாம் என்று அவர்தான் வந்து சொன்னார். முதல் மூன்று மாதம் வார்ப்பிலிருந்து வந்த டிராகன்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அடுத்த ஆறு மாதம் இறக்கை மட்டும். அதற்கடுத்த ஒரு வருஷம் செதில். கண் வரைய விட்டபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. படிப்பு அவ்வளவுதான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் காதர் சார். சாத்தான்குளத்துக்காரர். வளைகுடாவில் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர் என்றாலும், நடையும் பேச்சும் தலைமையாசிரியர் மாதிரி. காலையில் வந்ததும் செருப்பை வாசலில் நேராக வைப்பார். அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு வண்ணப் பாட்டிலையும் எண் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பார். நாங்கள் "அந்த இலைப்பச்சையை எடு" என்போம். அவர் "பதினாலு" என்பார். நோட்டிலும் அப்படித்தான் எழுதுவார்: பதினாலு இவ்வளவு சொட்டு, வெள்ளை இவ்வளவு சொட்டு. கார்ப் பட்டறையில் எல்லாம் எண்தான், அந்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

புது உருவம் வந்தால் முதல் மாதிரிக்கு அவரே வண்ணம் தீட்டுவார். முதலில் சாம்பல் பூச்சு. அதன்மேல் அடிநிறம். பிறகு தண்ணீர் மாதிரி நீர்த்த கறுப்பை ஊற்றி, அது செதிலுக்கு நடுவே பள்ளங்களில் போய்த் தங்கும்வரை காத்திருப்பார். காய்ந்தபின், துணியில் துடைத்துத் துடைத்துக் கிட்டத்தட்டக் காய்ந்துபோன தூரிகையால் மேடுகளை மட்டும் உரசுவார். அப்போதுதான் செதில் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். எல்லாம் முடிந்ததும் டியூப் லைட்டை அணைக்கச் சொல்லுவார். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் டிராகனை வைத்து, எட்டு அடி பின்னால் போய், கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு பார்ப்பார். போன் வந்த பிறகு கறுப்பு வெள்ளையில் ஒரு படமும் எடுப்பார். அந்தப் படம் திருப்தியாக இருந்தால்தான் மேலே பேச்சு.

எனக்கு முதன்முதலாக ஒரு மாதிரி செய்ய வாய்ப்பு வந்தபோது, அப்பாவின் படகை மனதில் வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கிவிட்டேன். நீல உடம்பு, மஞ்சள் வயிறு, ஊதா இறக்கை, ஆரஞ்சு நகம். பர்வீன் கைதட்டினாள். காதர் சார் எட்டு அடி தள்ளி நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"செலின், கல்யாண வீடு நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் பட்டு உடுத்தி நிக்காவ. மாப்பிள்ளை யாருன்னுதான் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மத்தியானச் சோற்றைக்கூடச் சரியாகத் தின்னவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் நானும் எட்டு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் வந்து இறக்கையையும் வயிற்றையும் மங்கவைத்து, தலையை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். "இப்ப மாப்பிள்ளை வந்துட்டாரு" என்றார். அந்த டிராகன் எங்கள் பட்டறையில் நாலு வருஷம் ஓடியது.

இன்னொரு முறை ஆற்று நாகம் ஒன்று வந்தது. வளைந்து வளைந்து தண்ணீருக்குள்ளிருந்து எழும்புகிற மாதிரி உருவம். எல்லோரும் நீலம் என்றார்கள். ஆறு எங்கே நீலமாக இருக்கிறது என்று நான் கேட்டேன். "அப்ப போய்ப் பாத்துட்டு வா" என்றார் சார். அது ஐப்பசி. ஞாயிற்றுக்கிழமை பர்வீனைக் கூட்டிக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறினேன். ஆறு நிறையத் தண்ணீர் போனது. நிறம் மறந்துவிடக் கூடாது என்று ஒரு பாட்டிலில் மொண்டு வந்தேன். திங்கட்கிழமை சார் மேசையில் வைத்தால், வெறும் கலங்கல் தண்ணீர். ஒரு நிறமும் இல்லை.

"ஆத்தை மொண்டுட்டு வந்தா கலர் அங்கனயே நின்னுருமே, தாயி" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு வண்ணத்தையும் வெள்ளை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்ப் படித்துறையில் உட்கார்ந்தேன். துணி துவைக்க வந்த பெண்கள் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். "இன்னுங் கொஞ்சம் சேறு சேருங்க" என்றாள் ஒருத்தி. "ஓரத்துல பாசி மாதிரி வருதுல்லா, அதை உட்டுட்டியளே" என்றாள் இன்னொருத்தி. ஆறு அட்டைகள் தேறின. காதர் சார் அவற்றை வாங்கி, கண்ணைச் சுருக்கி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரிசையாக அடுக்கினார். வாலுக்கு முதல் அட்டை, தலைக்குக் கடைசி அட்டை. எது பச்சை, எது பழுப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்போது அது வித்தியாசமாகவும் படவில்லை. கலங்கிய ஆற்று நிறத்தில் போன அந்த நாகத்தை, வாங்கின நிறுவனம் இரண்டாம் முறையும் கேட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய உருவம் வரும். குறிப்பிட்ட எண்ணிக்கைதான் செய்வோம். ஒவ்வொன்றின் அடியிலும் வரிசை எண் இருக்கும். அந்த ஓர் உருவத்தின் வேலை எங்கள் எல்லோருக்கும் ஐந்து மாதம் வரும். அந்த வருஷம் வந்தது, இலைகளுக்குள் சுருண்டு படுத்திருக்கும் டிராகன். கூடவே ஒரு தாளில் விவரம்: டிராகன் சிவப்பு, இலைகள் பச்சை, பார்க்கிறவர் முதலில் இலையைப் பார்த்துப் பிறகு டிராகனைக் கண்டுபிடிக்க வேண்டும். மாதிரியின் படம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு பெரிய மழை. கூரை ஒழுகி, அலமாரியின் ஒரு தட்டில் இருந்த பாட்டில்களின் தாள் எண்கள் எல்லாம் ஊறி விழுந்துவிட்டன. பர்வீன் புதிதாக எழுதி ஒட்டினாள். அதில் இரண்டு மாறிவிட்டன. பதினாலு ஒட்ட வேண்டிய இலைப்பச்சைக்கு இருபத்தொன்று, செங்கல் சிவப்புக்குப் பதினாலு. எங்களில் யாரும் எண்ணைப் பார்த்து எடுப்பதில்லை. நிறத்தைப் பார்த்து எடுப்போம். அதனால் இரண்டு வாரமும் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் வந்தபோது மாதிரி மேசையில் இருந்தது. முந்தின நாள் தனியே இருந்து முடித்திருக்கிறார். பச்சை டிராகன். செங்கல் நிறத்தில் இலைகள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு; சருகுக் குவியலுக்குள் ஒரு பச்சைப் பிராணி தூங்குகிற மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வித்தியாசமா இருக்கு சார்" என்றாள் பர்வீன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். காதர் சார் ஒன்றைச் செய்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்பது எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

நான் தாளை ஒருமுறை பார்த்தேன். சிவப்பு டிராகன் என்றுதான் இருந்தது. அலமாரிக்குப் போய்ப் பாட்டில்களைப் பார்த்தேன். பதினாலு என்று ஒட்டியிருந்த பாட்டிலுக்குள் சிவப்பு இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். எண் மாறியிருக்கிறது, சரி. மூடியைத் திறந்தவர் கண்ணுக்குத் தெரிந்திருக்குமே. பாட்டில் திருப்பி வைப்பது, கண்ணைச் சுருக்குவது, கறுப்பு வெள்ளைப் படம், ஆற்று அட்டையை அடுக்கியது, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் மோதியது.

சொல்லாமல் விட்டால் சாயங்காலம் படம் போய்விடும், ஐந்து மாத வேலையும் போய்விடும். சொன்னால் இவர் வேலை போகும். இவர் வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகள்கள் இரண்டு பேர். தேநீர் இடைவேளையில் எல்லோரும் வெளியே போனதும் அவர் மேசைக்குப் போனேன்.

"சார், இந்த இலை என்ன கலரு?"

நிமிர்ந்து பார்த்தார். இலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பச்சைன்னு சொன்னா நீ இப்படிக் கேட்டிருக்க மாட்ட" என்றார். நோட்டை மூடிவிட்டு, "உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?" என்றார்.

"பத்து நிமிஷமா சார்."

சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சின்ன வயசுல உம்மா பழுத்த மிளகாயை மட்டும் பறிச்சிட்டு வான்னா, நான் காயையும் சேத்துப் பறிச்சிட்டு வந்து நிப்பேன். வேணும்னு செய்யுதான்னு அடி விழும். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுபோலத்தான் தெரியுது, செலின். வெளிச்சமும் இருட்டும் மட்டும் நல்லாத் தெரியும். அதை வச்சே ஓட்டிட்டேன்."

"மொதலாளி அண்ணாச்சிட்ட லேபிள் மாறிட்டுன்னு மட்டும் சொல்லுவோம் சார்."

"லேபிள் மாறினா கண்ணு தெரிஞ்சவன் கண்டுபிடிச்சிருப்பானேம்மா." எழுந்தார். "நானே சொல்லிருதேன். நீயும் வா. பாட்டிலை எடுத்துக்கோ."

பட்டறை முதலாளி முத்தையா அண்ணாச்சி. சத்தமாகப் பேசுவார், கோபம் வந்தால் சத்தம் குறைந்துவிடும். காதர் சார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணாச்சி பாட்டில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"ஏன்வே இத்தனை வருஷமா சொல்லல?" சத்தமே இல்லை.

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

அண்ணாச்சி யோசித்தார். "குடுத்திருக்க மாட்டேன்" என்றார் உண்மையாக. பிறகு காதர் சாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். "செலின், நீ இந்தப் பொறுப்பை எடுத்துக்கிடுதியா?"

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். சம்பளம் கூடும், மாதிரிக்கு அடியில் என் பெயர் வரும். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வந்தது. "எனக்குக் கலர் தெரியும் அண்ணாச்சி. எங்க வெளிச்சம் விழணும்னு அவருக்குத்தான் தெரியும். ரெண்டு பேரையும் சேத்து வையுங்க."

அண்ணாச்சி எழுந்தார். கதவைத் திறந்து வெளியே நின்றவரிடம், "இனிமே நம்பரைத் தாள்ல ஒட்டாதீரும். பாட்டில் மேலயே பெயின்டுல எழுதச் சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பெயர் மன்னிப்பு என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

அண்ணாச்சி வாங்குகிற நிறுவனத்திடம் திங்கட்கிழமைவரை தவணை கேட்டு வாங்கினார். சனிக்கிழமை நான் புதிதாக ஒரு மாதிரி செய்தேன். பளிச்சென்ற சிவப்பு டிராகன், மழை பெய்து விட்ட மாதிரி பச்சை இலைகள். இதைவிட நன்றாக நான் எதையும் செய்ததில்லை என்று நினைத்தேன். காதர் சார் எட்டு அடி தள்ளி நின்றார்.

"டிராகன் எங்க?"

"சார், இந்தா இருக்கு. நல்லாச் சிவப்பா."

"எனக்குக் காணோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குத்தான் சார் காணோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நொடியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. போனை எடுத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து என் கையில் கொடுத்தார்.

பார்த்தேன். ஒரு சாம்பல் மொத்தை. இலை எது, செதில் எது, தலை எங்கே, ஒன்றுமே தெரியவில்லை. என் சிவப்பும் என் பச்சையும் ஒரே அளவு இருட்டு. அவர் இத்தனை வருஷம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்தப் படத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

"கலர் நல்லாத் தெரியுதவன்கூட இதைக் கொஞ்சம் தள்ளி வச்சா திணறத்தான் செய்வான்" என்றார். "பைய செய்வோம். உக்காரு."

ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்கு வந்தோம். பர்வீன் பிரியாணி கொண்டு வந்தாள். எண்ணை மாற்றி ஒட்டியதற்குப் பரிகாரமாம். சார் சொல்லச் சொல்ல நான் கலந்தேன். "இலையை இன்னும் இருட்டாக்கு." பச்சையில் கறுப்பும் ஒரு சொட்டு நீலமும் விட்டேன். "டிராகன் முதுகு வெளிச்சத்துக்கு வரணும்." சிவப்பில் வெள்ளை சேர்க்கப் போனார், ரோஸாகிவிடும் என்று தடுத்து, மஞ்சள் சேர்த்தேன். அவர் வெளிச்சம் கேட்டார், நான் நிறம் கொடுத்தேன். இரண்டு தடவை சண்டை போட்டோம். மூக்கின் மேலும் முன்னங்கால் நகத்திலும் மட்டும் ஆரஞ்சு வைத்தோம். மற்றதெல்லாம் இலையின் இருட்டுக்குள் போயிற்று. முடித்தபோது, முதலில் வெறும் இலைக் குவியலாகத் தெரிந்தது. அப்புறம் ஒரு மூக்கு. அதிலிருந்து கழுத்து, முதுகு, வால் என்று முழு டிராகனும் கண்ணுக்குள் வந்தது.

காதர் சார் கண்ணைச் சுருக்கவில்லை. படமும் எடுக்கவில்லை. "இருக்காரு" என்றார்.

திங்கட்கிழமை படம் போனது. புதன்கிழமை சம்மதம் வந்தது. ஐந்து மாதம் அத்தனை இலைகளையும் தீட்டித் தீட்டி எங்கள் கைக்கே பச்சை ஏறிவிட்டது.

அவை போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து, வாங்கின நிறுவனம் ஒரு கடிதத்தை எங்களுக்கு அனுப்பிவைத்தது. ஒரு பெண் எழுதியது. காதர் சார் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னார். அவளுடைய கணவர் பல வருஷமாக இந்த மாதிரி உருவங்களைச் சேர்க்கிறவர். சிவப்பையும் பச்சையையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறை பெட்டி வரும்போதும் இது இன்ன நிறம், அது இன்ன நிறம் என்று அவள் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். இந்த முறை அவள் வாயைத் திறக்கும் முன்பே, அறையின் மறுகோடியிலிருந்து அவரே டிராகனைக் கண்டுபிடித்துவிட்டாராம். இரண்டு நாளாக வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், நீங்கள் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று போட்டி வைக்கிறாராம்.

படித்து முடித்ததும் சார் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கை கழுவப் போய்விட்டு வந்தார்.

"அந்த மனுசனுக்கு நம்ம டிராகன் எப்படித் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும், செலின்" என்றார். "உனக்குத் தெரியாது."

அன்று முழுக்க அந்தப் பெருமை அவரை விட்டு இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் என்னை இரண்டு தடவை காரணமில்லாமல் திட்டினார்.